டப்பா டீச்சரும் எங்கள் வயிறும்

பள்ளிபாளையத்தில் எங்கள் வீதிப் பெண்களின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவரவர் புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. டப்பா டீச்சருக்குத் தெரியும். அதுவும் பேர், வயசு, தேதி போட்டு, நம்பர் ஒட்டி, ஐஸில் வைத்துத் தெரியும்.

அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. கல்லூரி அடையாள அட்டையில் நானே பார்த்திருக்கிறேன். தபால்காரர் ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, அப்படி யாரும் இந்த வீதியில் கிடையாது என்று எதிர்வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டம்மா, "டப்பா டீச்சருக்கா? அதை மொதல்லயே சொல்றதில்லைங்களா" என்று தபால்காரரைத்தான் திட்டினார்.

ஆத்தூர்க்காரர். திருச்செங்கோடு பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறவர். வீட்டுக்காரர் ஆத்தூரிலேயே அரிசி ஆலை வேலையில் இருந்தார், சனி ஞாயிறுகளில் வந்து போவார். டீச்சர் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணி வருமா, வெயில் அடிக்குமா என்று கேட்பார்கள். இவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க பேரு மல்லிகாவா? தினமும் காலையில ஒழுங்கா போகுதாம்மா?" என்று கேட்டார்.  கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைக் கட்டினவர்கூட அதைக் கேட்டதில்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாளுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கும் விதம் அப்படி. ரேஷன் கார்டு நம்பர் கேட்பதுபோல் கேட்பார், நாமும் சொல்லிவிடுவோம்.

நாற்பத்தேழு வயதில் அவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆடி ஓடித் திரிகிற பெண்களின் குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும், உட்கார்ந்தே இருக்கிற பெண்களின் குடலில் குடியிருக்கும் கிருமிகளுக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வெளிநாட்டில் பார்த்திருக்கிறார்களாம். நடமாட்டம் உள்ள பெண்களிடம் நல்லது செய்கிற வகைகள் கூடுதலாக இருக்கிறதுபோல் தெரிகிறதாம். "ஆனா அங்க பொம்பளை வேற, சாப்பாடு வேற, வேலை வேற. நம்ம ஊருப் பொம்பளை வயித்த யாரு பாத்தா?" என்பார். பதிவு செய்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. வருகிற தை மாதத்துக்குள் ஆய்வை முடித்துக் கொடுக்காவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். ஏழு வருஷமும் காவிரியோடு போய்விடும்.

அதற்குத்தான் டப்பா. வெள்ளை பிளாஸ்டிக், திருகு மூடி, உள்ளே குட்டிக் கரண்டி. ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு நீல ஐஸ்பெட்டி. காலை ஆறு மணிக்கு அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எங்கள் வீதியில் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும், பாதிக் கதவு திறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலத்தின் நடுவே ஒருவர் டீச்சரை மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்.

"ஏனுங்க்கா, மேட்டூர் டேம் மீனுங்களா?"

"இல்லைங்க."

"அட, கட்லா இருந்தாப் பாருங்க. ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்க."

"மீனே இல்லைங்க."

"பின்ன அந்தப் பொட்டிக்குள்ள என்னதானுங்க இருக்குது?"

டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. என்ன இருக்கிறது, யார் யாருடையது, எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும், சூடு பட்டால் என்ன ஆகும் எல்லாவற்றையும் நடுப்பாலத்தில் நின்று விளக்கியிருக்கிறார். அந்த மனிதர் அதற்கப்புறம் மூன்று மாதம் மீனே தின்னவில்லை என்று கேள்வி.

மாடியில் ஒரு உறைபெட்டி இருந்தது. கரண்ட் போனால் அது நின்றுவிடும். கரண்ட் போன முதல் நாளே டீச்சர் ஒயரோடு கீழே இறங்கி வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் லாரி ஆபீசில் இருக்கிறவர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். எங்கள் இன்வெர்ட்டரிலிருந்து மாடிக்கு இழுத்துக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கரண்ட் போனால் எங்கள் மின்விசிறி நிற்கும், மேலே ஊர்ப் பெண்களின் கிருமிகள் சில்லென்று இருக்கும். நாங்கள் விசிறிமட்டையும் கையுமாக உட்கார்ந்திருப்போம்.

நான் ஒரு துண்டு நெய்கிற தறிப்பட்டறையின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள். பட்டறையில் பதினைந்து பெண்கள் தறி ஓட்டுகிறார்கள். அதில் மூத்தவர் பாவாயக்கா. ஐம்பத்திரண்டு வயசு, ஒல்லி உடம்பு, வாயில் எப்போதும் ஒரு பாக்கு. ஆறு தறி அவர் ஒருவர் பொறுப்பு. டீச்சருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது நான்தான். ஒரு பக்கம் நடமாட்டமுள்ள பெண்கள், இன்னொரு பக்கம் நடமாட்டம் இல்லாத பெண்கள், ஆக முப்பது பேர் வேண்டும் என்றார்.

அவர் பட்டறைக்கு முதலில் வந்த நாளை யாரும் மறக்க மாட்டார்கள். டீ நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. டீச்சர் வகுப்பெடுத்துப் பழகிய தொண்டை, விடுவாரா? நடுவில் நின்று உச்சக்குரலில் விளக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அத்தனை தறியும் ஒரே அடியாக நின்றது.

"காலையில எழுந்ததும் மொதல்ல போறதுதான் எனக்கு வேணும்" என்ற அவருடைய குரல் மட்டும் வாசல் தாண்டி, சாக்கடை தாண்டி, டீக்கடை வரைக்கும் போனது. டீக்கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை. அமைதி கிடைத்ததே என்று தொடர்ந்தார்.

"உங்க ஒவ்வொருத்தர் வயித்துக்குள்ளயும் கோடிக்கணக்கான உயிர் குடியிருக்கு."

"அத்தனை பேருக்கும் நானுங்களா ஆக்கிப் போடறேன்?" என்றார் பாவாயக்கா.

"ஆமா. நீங்க திங்கறதுலதான் அதுங்களுக்குப் பங்கு. அதுல நல்லவங்களும் உண்டு, கெட்டவங்களும் உண்டு."

"எங்க லைன் ஊடு மாதிரிதான்னு சொல்லுங்க."

"அதேதான். எல்லா வகையும் கலந்து இருந்தா நல்லது. ஒரே ஆளு வளைச்சுப் போட்டுக்கிட்டா பிரச்சனை."

பாவாயக்கா யோசித்துவிட்டு ஒரு டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் வாங்கியபிறகு மற்றவர்களும் வாங்கினார்கள்.

டப்பாவோடு ஒரு படிவமும் உண்டு. வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து டீச்சர் தமிழில் எழுதியது. வாரத்தில் எத்தனை மணி நேரம் நீச்சல் அடிப்பீர்கள், எத்தனை மணி நேரம் டென்னிஸ் ஆடுவீர்கள், நடைப்பயிற்சி உண்டா. தறிப் பெண்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் "இல்லை, இல்லை, இல்லை" என்று போட்டார்கள். டீச்சர் பட்டறைக்கு வந்ததெல்லாம் டீ நேரத்தில்தான். பெண்கள் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தறி என்றால் மெஷின் ஓடும், மனுஷி ஓரிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துவிட்டார். பதினைந்து பேரையும் நடமாட்டம் இல்லாதவர்கள் பட்டியலில் சேர்த்தார்.

என் படிவத்தில் நான் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லித் தொலைக்க வேண்டும். "தினமும் ஒரு மணி நேரம் வேக நடை." நானும் எங்கள் வீதியில் இன்னும் பதினான்கு பெண்களும் தினமும் காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவது உண்மை. ஆளுக்கொரு ஷூ இருப்பதும் உண்மை. நடப்பது பத்து நிமிஷம். மீதி நேரம் யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்ற பேச்சு. முடிவில் வாசல் கடையில் ஆளுக்கு இரண்டு போண்டா. நடமாட்டமுள்ளவர்கள் பட்டியலில் என் பெயர் முதலாவதாக இருந்தது. நாங்கள் எல்லோருமே அந்தப் பட்டியலில்தான் இருந்தோம்.

புரட்டாசி பிறந்த வாரம் டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து என் சமையலறையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"எல்லாம் தலைகீழா வந்திருக்கு மல்லிகா."

நடக்கிறவர்கள் என்று எழுதிய எங்களுடைய வயிற்றில் வகைகள் குறைவு. நடக்காதவர்கள் என்று எழுதிய தறிப் பெண்களின் வயிற்றில் நல்ல வகைகள் நிறைய. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்திருந்தால் வயிறு நன்றாகும் என்று உலகத்துக்குச் சொல்லப் போகிறாயா" என்று கேட்டாராம். ஒரே ஒரு வழி சொல்லியிருந்தார். இடுப்பில் மாட்டினால் நாளெல்லாம் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற சின்ன மெஷின் பத்து இருக்கிறது, அதை மாட்டி ஒரு வாரம் பார். அதிலும் சரியாக வராவிட்டால் விட்டுவிடு.

தறிப் பெண்களில் ஆறு பேருக்கு மாட்டினார். மைதானத்துக்காரிகளில் நான்கு பேருக்கு மாட்டினார். அதில் நான் ஒருத்தி.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் பார்க்கிறேன், ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடி. எனக்கு வந்த கோபத்துக்கு மெஷின் என்ன செய்யும்? தினமும் ஒரு மணி நேரம் வேக நடை என்று கையெழுத்துப் போட்டவள் நான். மறுநாள் டீ நேரத்தில் பட்டறைக்குள் போனேன். துணி நெய்யும்போது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் பலகை ஒன்று ஒவ்வொரு தறியிலும் உண்டு. யாரும் கவனிக்காத மூலைத் தறியின் பலகையில் அந்த மெஷினைக் கவ்வ விட்டேன். போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பதில் தறி நடந்தது. அப்படி நாலு நாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எல்லா மெஷினையும் சேகரித்துக்கொண்டு வந்து என் சமையலறை மேடையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதினார். என்னுடையது வந்ததும் பேனா நின்றது.

"மல்லிகா, செவ்வாய்க்கிழமை நீங்க நடந்தே சேலத்துக்குப் போயிருக்கீங்க."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"புதன்கிழமை திரும்பி வந்திருக்கீங்க. வியாழக்கிழமை மறுபடி போயிருக்கீங்க. ஆபீசுக்கு எப்பம்மா போனீங்க?"

"கொஞ்சம் எச்சா நடந்துட்டனுங்க."

அவர் சிரிக்கவில்லை. மெஷினின் கவ்வியைக் கண்ணருகே கொண்டுபோனார். கவ்வியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாவாயக்காவின் மெஷினை எடுத்தார். அதிலும் பஞ்சு. அதிலும் எண்ணிக்கை அளவுக்கு மீறி இருந்தது. தறிக்காரர்கள் ஆறு பேருடையதும் அப்படியே.  டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"எல்லாரும் தறியில மாட்டி விட்டிருக்கீங்க. நான் பாவம்னு பாத்து நல்ல நம்பர் வரட்டும்னு செஞ்சிருப்பீங்க. எனக்குக் கோவம் இல்ல. ஆனா இந்த ஏழு மெஷின் கணக்கையும் அடிச்சாகணும். அடிச்சுட்டா என் கையில ஒண்ணும் இல்ல. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன், என்னால முடியலன்னு."

பேனா பாவாயக்காவின் பெயரின் மேல் போய் நின்றது. என் பொய் என்னோடு நின்றால் பரவாயில்லை. அது போய் அந்த ஆறு பேரையும் பொய்க்காரிகளாக்கிக்கொண்டிருந்தது, ஒரு மனுஷியின் ஏழு வருஷத்தையும் அடித்துக்கொண்டிருந்தது. 

"நில்லுங்க டீச்சர். தறில மாட்டினது என்னோடது மட்டுந்தானுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"படிவத்துல எழுதினதும் பொய்ங்க. ஒரு மணி நேரமெல்லாம் நடக்கறதில்லைங்க. போண்டாதானுங்க."

"ஏம்மா?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

டீச்சர் பேனாவை மூடினார். "டப்பாவ எடுத்துக் குடுக்க வெக்கப்படல. நடக்கலன்னு சொல்ல வெக்கமா?"

 வெங்காயத்தின் பேரில் கொஞ்சம் அழுதுகொண்டேன். பிறகு, "பாவாயக்கா பொய் சொல்ல மாட்டாங்க. அந்தப் பஞ்சு சீலையில இருந்து ஒட்டறது. நம்பலைன்னா வந்து பாருங்க" என்றேன்.

திங்கட்கிழமை டீச்சர் லீவு போட்டார். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக, கையில் நோட்டோடு பட்டறைக்கு வந்தார். பாவாயக்கா எங்கே போனாலும் பின்னாலேயே போவது, ஒவ்வொரு அடியையும் எண்ணுவது, நூறு ஆனதும் நோட்டில் ஒரு கோடு. அதுதான் திட்டம். நான் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன்.

ஒரு பக்கம் மூன்று தறி, எதிரே மூன்று தறி, நடுவில் சந்து. இந்த முனையில் இழை அறுந்தால் ஓடிவந்து முடிய வேண்டும். முடிவதற்குள் அந்த முனையில் நூல் தீர்ந்து தறி நிற்கும். அங்கே ஓட வேண்டும். பாவாயக்கா வேகமாக நடப்பதுபோலவே தெரியாது, ஆனால் எந்தத் தறி எப்போது நிற்கும் என்று அந்தக் கால்களுக்குத் தெரியும். டீச்சர் பின்னால் ஓடினார். முனையில் அவர் திரும்புவதற்குள் பாவாயக்கா எதிரே வந்துவிடுவார், இருவரும் முட்டிக்கொள்வார்கள். ஏழு மணிக்கு டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகினார். எட்டு மணிக்கு எண்ணிக்கை தப்பி மறுபடி ஆரம்பித்தார். ஒன்பது மணிக்கு ஷூவைக் கழற்றினார். பத்து மணிக்கு நூல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அப்போதும் வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே கேட்டார். பாவாயக்காவால் நின்று பதில் சொல்ல முடியாது. சந்தின் அந்த முனைக்குப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார்.

"படிவத்துல நடக்கறதே இல்லைன்னு எழுதியிருக்கீங்களேக்கா?"

போய் வந்தார். "ஆமாங்க."

"இது என்ன பின்ன?"

போய் வந்தார். "இது சோலிங்க டீச்சர்."

"சோலின்னா நடக்கறது இல்லையா?"

இம்முறை இழை முடிந்து வர நேரமாயிற்று. "சோலி பண்றதெல்லாம் நடக்கறதுல சேருமுங்களா? நடக்கறதுன்னா மல்லிகாம்மா மாதிரி, ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு, ஒரு சோலியும் இல்லாமப் போயிட்டு வாரதுங்க. எங்களுக்கு அதுக்கு ஏதுங்க நேரம்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஆபீசுக்குள் போய்விட்டேன்.

உள்ளே உட்கார்ந்து யோசித்தேன். அத்தனை வருஷமாகக் கண்ணெதிரே ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள், அவள் நடக்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, படித்த டீச்சருக்கும் தெரியவில்லை. பாடுபடுகிறவள் தன் பாட்டைத் தானே கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. போண்டா தின்கிறவள் சேர்த்துக்கொள்கிறாள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை அன்றைக்கு.

டீ நேரத்தில் டீச்சரின் பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. பாவாயக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று டீச்சர் இழுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

"பாப்பா எத்தனைங்க உங்களுக்கு?" என்று பாவாயக்கா கேட்டார்.

"இல்ல."

 டீச்சர் டீயை ஊதிக் குடித்தார். வகுப்பு எடுக்கிற குரலில் இல்லாமல், அவர் அப்படிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"கல்யாணம் ஆன மறுமாசத்துல இருந்து என் வயித்த ஊரே விசாரிச்சுது. கோயில்ல, பஸ்ல, கல்யாண வீட்டுல. எல்லாரும் ஒரே கேள்விதான். விசேஷம் ஏதும் உண்டா. பத்துப் பதினஞ்சு வருஷம் கேட்டாங்க. அப்புறம் கேக்கறத விட்டுட்டாங்க. வயிறே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் எனக்குக் கோவம் வந்துச்சு. பொம்பளைக்கு வயிறுன்னா அது ஒண்ணுக்குத்தானா? பசிக்குதா, எரியுதா, வலிக்குதா, ஒழுங்கா போகுதா, அதையெல்லாம் ஒருத்தராச்சும் கேக்கக் கூடாதா? சரி, யாரும் கேக்க மாட்டாங்கன்னா நான் போய் எல்லாரையும் கேக்கறேன்னு கிளம்பிட்டேன்."

 பாவாயக்கா காலை நீவிக்கொண்டே இருந்தார்.

"எங்களையும் நீங்கதானுங்க சாமி மொதல்ல கேட்டது" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு டீச்சர் ஸ்கூட்டரை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் அடி எண்ணிக்கையோடு சேர்த்து டப்பாவையும் மறுபடி வாங்கு என்று சொன்னால் என்ன செய்வது என்று பாவாயக்காவிடம் அவர் கவலைப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது. ஷிப்டுக்குப் போகிற வழியில் பதினைந்து பெண்களும் எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள், கையில் ஆளுக்கொரு டப்பா. என் வீட்டுக்காரர் பால் வாங்கப் போனவர் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே திரும்பிவிட்டார்.

டீச்சர் படிவத்தைக் கிழித்துப் போட்டார். நீச்சலும் டென்னிசும் போயின. எத்தனை தறி, எத்தனை மணி நேரம், எத்தனை குடம் தண்ணி தூக்குவீர்கள், எத்தனை தடவை படி ஏறுவீர்கள் என்று புதிதாக எழுதினார். முப்பது பேரிடமும் மறுபடி எழுதி வாங்கினார். பத்து மெஷினும் மாறி மாறி எல்லோர் இடுப்புக்கும் போய் வந்தன. பட்டியல் இடம் மாறியது. நடக்காதவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நானே எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, தறிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். டீச்சர் சுண்டல் வாங்க வந்தவர் ஐஸ்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் பெட்டியின் நாலு பக்கமும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மூடியில் ஒரு முழம் கதம்பம். பாவாயக்கா கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமில்ல?" என்றார் டீச்சர்.

"எங்களுதுதானுங்களே" என்றார் பாவாயக்கா, கற்பூரத்தைக் காட்டினார்.

தையில் ஆய்வை ஒப்படைத்தார். அடுத்த வருஷம் பட்டம் வந்தது. பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு. என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டோம். நாளெல்லாம் நடமாடுகிறவர்களிடம் வகைகள் கூடுதலாக, நல்லதுகளும் கூடுதலாக இருந்தன என்றார். உடனே ஒரு விரலைத் தூக்கினார். "ஆனா அது நடையாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பாவாயக்கா கம்பங்கூழ் குடிக்கறாங்க, மல்லிகா போண்டா திங்கறாங்க. சாப்பாடாவும் இருக்கலாம், நடையாவும் இருக்கலாம், ரெண்டும் சேந்தாவும் இருக்கலாம். முப்பது பேர வெச்சு உலகத்துக்கே சட்டம் போடக் கூடாது." ஏழு வருஷம் உழைத்து இதைத்தான் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசிக்க யோசிக்க அந்த மனுஷியின் மேல் மரியாதை கூடியது. எங்களைப் போல அவர் படிவத்தில் எதையும் கூட்டி எழுதவில்லை.

பிறகு ஆத்தூரிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து வீட்டுக்காரரிடமே போய்விட்டார். மாடியில் இப்போது ஒரு பேங்க்காரர் இருக்கிறார். கரண்ட் போனால் எங்கள் மின்விசிறி ஓடுகிறது. முதல் கோடையில் அந்தக் காற்றுகூட எனக்கு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். நல்லா இருக்கீங்களா, சௌக்கியமா, ஒன்றும் கிடையாது. "போச்சா?" என்பார். "போச்சுங்க டீச்சர்" என்பேன். "நடந்தீங்களா?" என்பார். உண்மையைச் சொல்வேன். இப்போதெல்லாம் ஆபீசுக்கு நடந்தே போகிறேன், டீ நேரத்தில் பாவாயக்காவோடு சந்தில் நாலு சுற்று. போண்டா வாரத்துக்கு ஒன்று, அதையும் சொல்லிவிடுவேன். பாவாயக்கா பக்கத்தில் இருந்தால் அவரிடமும் அதே கேள்வி. அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. பத்து மணிவரை பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். ஜலதோஷம், தூங்கிவிட்டேன் என்றார். குரல் கம்மியிருந்தது. வழக்கம்போல அவர் ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டீச்சர், உங்க வயிறு எப்படிங்க இருக்குது?"

 வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"நல்லா இருக்கு மல்லிகா" என்றார். மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.